மரத்துப்போன மார்புக்கு எதை வாங்கலாம்? மார்பகப் பெருக்க அறுவைக்குப் பின் பயன்படுத்தும் பொருட்கள்: ஒரு மதிப்பீடு

மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரோடு ஒரு பையும் வீட்டுக்கு வரும். மருத்துவமனையே கட்டிக்கொடுத்ததாக இருக்கலாம், எதிரே உள்ள சர்ஜிக்கல் கடையில் சீட்டைக் காட்டி வாங்கியதாக இருக்கலாம், இணையத்தில் 'ரெகவரி கிட்' என்று தேடித் தருவித்ததாகவும் இருக்கலாம். உள்ளே முன்பக்கம் கொக்கி வைத்த பிரா, ஜெல் ஐஸ் பேக், சிலிக்கான் தழும்பு ஷீட், ஓர் அட்டை நரம்பு மாத்திரை, கொஞ்சம் தாராளமான பை என்றால் மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவி. இவற்றில் வலியை, மரத்துப்போவதை, துணி பட்டாலே எரியும் கூச்சத்தை எது உண்மையில் குறைக்கிறது, எது வெறும் பொதி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இங்கே வேலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல பிராவும் பழைய பருத்திப் புடவைத் துண்டும் செய்வதை, பையிலுள்ள விலை கூடிய பொருட்கள் செய்வதில்லை. அதோடு பையில் யாரும் வைக்காத ஒரு பொருள் கட்டாயம் வேண்டும்: ஒரு கைக்கண்ணாடி. மரத்துப்போன தோல் தனக்கு ஆகும் காயத்தைச் சொல்லாது. மார்புக்குக் கீழ் மடிப்பில் கொப்புளம் கிளம்பினாலும் ஐஸ் பட்டு வெளுத்தாலும் வலிக்காது. அந்த இடம் குனிந்தாலும் நேராகக் கண்ணில் படாது. ஆகவே இங்குள்ள எந்தப் பொருளுக்கும் 'சுகமாக இருக்கிறதா' என்ற அளவுகோல் உதவாது. கண்ணாலும் கடிகாரத்தாலும்தான் அளக்க வேண்டும்.

எந்த நரம்பு, எவ்வளவு நாள்

பொருளை எடைபோட, எதை எதிர்த்து வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். காம்புக்கும் அதைச் சுற்றிய கருவட்டத்துக்கும் உணர்வு தருவதில் பெரிய பங்கு நான்காவது விலா இடை நரம்பின் பக்கக் கிளைக்கு. மூன்றாவதும் ஐந்தாவதும் துணை நிற்கும். நெஞ்செலும்பு ஓரத்தில் வெளிவரும் முன்கிளைகளும் உண்டு. மார்பின் மேல்பாதித் தோலுக்குக் கழுத்திலிருந்து காறை எலும்பைத் தாண்டி இறங்கும் கிளைகள். மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட்டுக்கு இடம் பிரிக்கும்போது, குறிப்பாக அக்குள் பக்கமாக அதிகம் பிரித்தால், அந்த நான்காம் நரம்பின் கிளை இழுபடும். சிலருக்கு அறுந்தும் போகும். இம்ப்ளான்ட் பெரிதாகப் பெரிதாக இழுவையும் கூடும். அக்குள் வழியாக வைத்துக்கொண்டவருக்கு மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகிறது என்றால் அது வேறு நரம்பு. இரண்டாவது விலா இடை நரம்பிலிருந்து கைக்குப் போகும் கிளை.

வெறுமனே இழுபட்ட நரம்பு சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உறை தப்பி உள்ளிழை மட்டும் அறுந்திருந்தால் இழை மறுபடி வளர வேண்டும். அதன் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மார்பின் பக்க ஓரத்திலிருந்து காம்பு வரை 10 முதல் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 முதல் 120 நாள், தொடக்கத் தாமதம் தனி. 'மூன்று நான்கு மாதம் பொறுங்கள்' என்று மருத்துவர்கள் சொல்வதன் கணக்கு ஏறக்குறைய இதுதான். வளரும் இழைநுனிகள் யாரும் தொடாதபோதும் தாமாகவே மின்துடிப்பு விடும். ஷாக் அடித்ததுபோல ஒரு நொடி 'சுருக்' என்று வந்து போவது அதனால்தான். முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு மூன்றாவது வாரம் திடீரென்று சுருக் சுருக்கென்று குத்தத் தொடங்கினால், பெரும்பாலும் அது கெட்ட செய்தி இல்லை. முழுதாக அறுந்த நரம்பென்றால் உணர்வு ஓரளவே திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கும். அதையும் அறுவைக்கு முன்பே ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும்.

இந்த 1 மில்லிமீட்டரை 2 மில்லிமீட்டர் ஆக்கும் களிம்போ மாத்திரையோ கருவியோ கடையில் இல்லை. அட்டைப்பெட்டியில் 'நரம்பு மீட்சி' என்று எழுதியிருந்தாலும் இல்லை.

சர்ஜிக்கல் பிரா: பையின் மிக முக்கியமான பொருள்

நரம்பு வலியைக் கிளப்புவதிலும் அடக்குவதிலும் பிராவுக்கு இருக்கும் கை வேறு எதற்கும் இல்லை. பல மருத்துவர்கள் 4 முதல் 6 வாரம் இரவும் பகலும் போடச் சொல்வார்கள். ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் தோலோடு உரசும் பொருள் இது ஒன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது அக்குளுக்குக் கீழே வரும் பக்கத் தையல். நான்காம் நரம்பின் கிளை தோலுக்கு வெளிவருவது ஏறக்குறைய அதே கோட்டில்தான். தடித்த தையல், வளையும் பிளாஸ்டிக் குச்சி, துணியின் விவரச் சீட்டு என்று எது அங்கே இருந்தாலும் நாள் முழுக்க அதையே நெருடும். 'இடது பக்கம் மட்டும் எரிகிறது' என்ற புகாருக்குக் காரணம் இடது பக்கத் தையலில் தைத்திருக்கும் சலவைச் சீட்டாக இருப்பது உண்டு. கத்தரித்து எறிந்தால் தீர்ந்தது. தையல் முழுக்கவே உறுத்தினால் பிராவை உள்வெளியாகத் திருப்பிப் போடலாம். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்யும்.

அடுத்தது கீழ்ப்பட்டை. மார்புக்குக் கீழ் மடிப்பில் கீறல் வைத்தவருக்குப் பட்டை நேராகக் கீறலின்மேல் உட்கார்ந்தால் அந்தப் பிரா அவருக்கு ஆகாது. பட்டை கீறலுக்குக் கீழே, விலா எலும்பின்மேல் படிய வேண்டும். அகலம் குறைந்த எலாஸ்டிக் சுருண்டு கயிறாகிவிடும். அகலமாக, தட்டையாக, உள்பக்கம் பருத்தி ஒட்டியதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தோள்வார் மெல்லியதாக இருந்தால் காறை எலும்பைத் தாண்டி வரும் கிளைகளை அழுத்தி மார்பின் மேல்பாதியில் குறுகுறுப்பைக் கிளப்பும். முன்பக்கம் ஜிப்பா, கொக்கியா, வெல்க்ரோவா என்றால் கொக்கிதான். ஜிப் ஏற்றும்போது தோலைக் கடிக்கும். மரத்த தோலில் கடித்தது தெரியாது. வெல்க்ரோவின் முரட்டு ஓரம் கூச்சம் ஏறிய தோலில் மணல்தாள் மாதிரி.

அளவெடுப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். மார்புக்குக் கீழ்ச் சுற்றளவை அறுவைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். கப் அளவை மருத்துவர் சொல்லும் இம்ப்ளான்ட் கொள்ளளவை வைத்து அவரிடமே கேட்க வேண்டும். இத்தனை சிசி என்றால் இத்தனை கப் என்று கடைக்காரர் சொல்லும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முதல் வாரம் வீக்கம் இருக்கும் என்பதால் மூன்று வரிசையாவது கொக்கி உள்ளதை வாங்கி வெளிவரிசையில் தொடங்கி, வீக்கம் வற்ற வற்ற உள்ளே நகர வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். இன்னொரு சோதனை இன்னும் நம்பகமானது: கழற்றியபின் தெரியும் சிவந்த தடம் அரை மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் இறுக்கம். கைக்கண்ணாடியின் முதல் வேலை இந்தத் தடத்தைப் பார்ப்பது.

தலைவழியாக மாட்டும் ஸ்போர்ட்ஸ் பிராவைப் பலர் மலிவு என்று வாங்குகிறார்கள். முதல் வாரங்களில் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அதை மாட்டுவதே ஒரு வலி. கம்பி வைத்த பிரா, மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். மார்புக்கு மேலே கட்டும் தனிப் பட்டையைச் சிலருக்கு மட்டும் எழுதிக்கொடுப்பார்கள். இம்ப்ளான்ட் கீழே இறங்கி அமர அது ஒரு வழி. எழுதிக்கொடுக்காதவர் 'அதுவும் இருக்கட்டுமே' என்று வாங்கிக் கட்டினால் அக்குள் ஓரத்தில் வெட்டி, இல்லாத நரம்பு வலியை வரவழைக்கும்.

சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அறுவை என்றால் ஒரு பிரா போதாது, மூன்று வேண்டும். வியர்வையில் நனைந்த பட்டைக்கடியில் இரண்டே நாளில் பூஞ்சைச் சிவப்பு வரும். அந்த எரிச்சலையும் நரம்பு எரிச்சலையும் தொடு உணர்வால் பிரிக்க முடியாது, கண்ணால்தான் முடியும். நரம்பு எரிச்சலில் தோல் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். பூஞ்சையில் மடிப்பு முழுக்கச் சிவந்து ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பவுடர் கொட்டுவது நம் வழக்கம். கீறல் ஆறாத இடத்தில் அதைச் செய்யக் கூடாது. ஒரு விஷயம், வாங்கும் முன் கேளுங்கள்: உள்ளாடை என்பதால் பிரித்ததைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. மூன்றையும் ஒரே நாளில் வாங்காமல், ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஜெல் ஐஸ் பேக்கும் ஒத்தடமும்

ஐஸ் பேக்குக்கு எங்கள் மதிப்பெண் பாதிதான். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்துக்கும் தசை வலிக்கும் உதவும். அதுவும் உங்கள் மருத்துவர் ஐஸ் வைக்கச் சொல்பவராக இருந்தால். வேண்டாம் என்று சொல்பவர்களும் நிறைய, காரணமும் நியாயமானது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக் உறைநிலைக்கும் வெகு கீழே இருக்கும். உணர்வுள்ள தோலென்றால் ஐந்தாவது நிமிடமே 'எடு' என்று கத்தும். மரத்த தோல் கத்தாது. உறைபுண் வந்து கொப்புளித்தபின்தான் தெரியும்.

வைப்பதானால் இப்படி. பேக்கை ஃப்ரீசரில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைத்தாலே போதும். பருத்தித் துண்டை இரண்டாக மடித்துச் சுற்றி, மார்பின் மேல்பக்கத்திலோ பக்கவாட்டிலோ 10 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐந்தாவது நிமிடம் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும்: வெளுத்து மெழுகுபோலவோ திட்டுத்திட்டாகவோ இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். அடுத்த முறைக்குக் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி. காம்பின்மேலும் கீறலின்மேலும் வேண்டாம். பேக்கை அணைத்தபடி தூங்கிப்போவதுதான் பெரிய ஆபத்து; வலி மாத்திரை போட்ட இரவில் ஐஸ் வைக்கவே கூடாது.

சூடு இன்னும் மோசம். வலி என்றதும் வெந்நீர்ப் பையோ, உப்பை வறுத்துத் துணியில் கட்டிய ஒத்தடமோ கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் முதல் வடிவம். பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாவிடமோ மாமியாரிடமோ முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று இது: இங்கே ஒத்தடம் கிடையாது. மரத்த மார்புத் தோலில் சுடுபை வைத்து வெந்துபோனவர்கள் உண்டு. சாதாரணமாகத் தாங்கக்கூடிய சூடே அங்கே புண்ணாக்கும். தைலங்களும் இந்தப் பட்டியலில்தான். கற்பூரமும் மெந்தாலும் கூச்சம் ஏறிய தோலில் தீயாக எரியும்.

காம்புக்கான பேடு: சின்னப் பொருள், பெரிய உதவி

காம்பு மரத்துப்போவதைவிட, துணி பட்டாலே கூசிச் சிலிர்ப்பதுதான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதற்கென்று தனிப் பொருள் தேடி அலைய வேண்டாம். பாலூட்டும் தாய்மார்களுக்காக விற்கும் ஹைட்ரோஜெல் பேடு இங்கே நன்றாகப் பொருந்தும்; ஈரப்பதமான அந்தத் தகடு காம்புக்கும் துணிக்கும் நடுவே வழுக்கும் அடுக்காகிவிடும், உரசல் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் பாலூட்டும் தாய்மார் பயன்படுத்தும் மெத்தென்ற பருத்திப் பேடு போதும். ஒட்டும் பசை வைத்த சிலிக்கான் காம்பு மூடிகளை வாங்காதீர்கள். ஒட்டும்போது சுகமாக இருக்கும், உரிக்கும்போது உயிர் போகும். மரத்த பக்கம் என்றால் தோலே உரிந்து வரலாம். கருவட்டத்தைச் சுற்றிக் கீறல் வைத்தவர்கள், காயம் முழுக்க மூடும்வரை எந்த ஜெல் தகட்டையும் அங்கே வைக்கக் கூடாது.

ஒரு பருத்திப் புடவைத் துண்டு

கூச்சம் தணிக்கும் பயிற்சிக்கென்று பிரஷ், உருளை, பல வகைத் துணி என்று பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். கொள்கை சரியானது. பெட்டிதான் தேவையில்லை. தொட்டாலே வலிக்கும் தோலை மூடி மூடிப் பாதுகாத்தால் மூளை அந்தச் சாதாரணத் தொடுகையை ஆபத்தாகவே தொடர்ந்து படிக்கும். தாங்கக்கூடிய அளவில் திரும்பத் திரும்பத் தொட்டால் அந்த வாசிப்பு மெல்ல மாறும். கை அறுவைக்குப் பின் ஃபிசியோதெரபிஸ்ட்டுகள் காலங்காலமாகச் செய்யும் வேலைதான் இது.

வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: ஒரு பட்டுத் துண்டு, துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் புடவை அல்லது வேட்டித் துண்டு, புதுப் பருத்தித் துணி, ஈரிழைத் துண்டு, கடைசியாகத் தேங்காய்ப்பூத் துண்டு. மென்மையிலிருந்து முரட்டுக்கு என்பதே வரிசை. கீறல் முழுக்க மூடி, மருத்துவர் சரி என்றபின் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான் வரும்.

உணர்வு இயல்பாக இருக்கும் இடத்தில், எடுத்துக்காட்டாகக் காறை எலும்புக்குக் கீழே, பட்டுத் துண்டால் தடவத் தொடங்குங்கள். அங்கிருந்து கூசும் இடத்தின் ஓரத்துக்கு, பிறகு அதன்மேல். அழுத்தம் மாறாமல், ஒரே வேகத்தில், 3 முதல் 5 நிமிடம். நாளுக்கு 3 அல்லது 4 முறை. அசௌகரியத்துக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் மனதில் கொடுங்கள். 4-க்கு மேல் போனால் மெல்லிய துணிக்குத் திரும்புங்கள்; 2-க்குக் கீழே இறங்கினால் அடுத்த துணி. இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் நாளே தேங்காய்ப்பூத் துண்டால் தேய்ப்பது, கூச்சம் இரட்டிப்பாகும். இன்னொன்று, விரல்நுனியால் லேசாகக் கூச்சம் காட்டுவதுபோலத் தொடுவது. லேசான அரைகுறைத் தொடுகைதான் இந்த நரம்புகளை அதிகம் எரிச்சலூட்டும். உள்ளங்கை முழுதும் பட உறுதியாக வைப்பதைத் தோல் எளிதாக ஏற்கும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தபின்தான் இது பலிக்கிறதா என்று எடைபோட வேண்டும். செலவு சுழியம். எங்கள் பட்டியலில் பிராவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

லிடோகைன் பேட்ச்

மருந்துக்கடைப் பொருட்களில் காசுக்கு ஏற்ற வேலை செய்வது இது, சரியான வலிக்குப் பயன்படுத்தினால். 5% லிடோகைன் பேட்ச் தோலின் மேல்மட்ட நரம்பு நுனிகளை அமைதிப்படுத்தும். துணி பட்டால் எரியும், காற்றுப் பட்டால் கூசும் வகை வலிக்கு ஏற்றது. உள்ளேயிருந்து நொடிப்பொழுதில் வெட்டும் ஷாக் வலிக்கு அதிகம் உதவாது. மரத்த இடத்தில் ஒட்டுவது வீண். ஏற்கெனவே தூங்கும் நரம்பை என்னத்தைத் தூங்கவைப்பது?

ஒட்டும் விதி எளிது: 24 மணி நேரத்தில் 12 மணி நேரம் ஒட்டலாம், 12 மணி நேரம் தோலைச் சும்மா விட வேண்டும். பின்தாளை உரிக்கும் முன் கத்தரியால் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். முழு பேட்ச் பெரும்பாலும் தேவைப்படாது. காயம்படாத தோலில் மட்டும். கீறல், தையல், கொப்புளம், காம்பு இவற்றின்மேல் வேண்டாம். அதன்மேல் சூடு வைத்தால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். இதயத் துடிப்புக் கோளாறோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எறியுங்கள்; பயன்படுத்திய பேட்ச்சிலும் மருந்து நிறையவே மிச்சமிருக்கும். மரக்கச் செய்யும் களிம்பை மார்பு முழுக்கப் பூசி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றும் குறுக்குவழியை மட்டும் முயலாதீர்கள். அவ்வளவு பரப்பில் உள்ளே போகும் மருந்து இதயத்தையும் மூளையையும் தொடும்.

நரம்பு மாத்திரை அட்டை

நம் ஊர் மருந்துக்கடைகளில் 'நரம்பு மாத்திரை' என்றால் ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பொருட்கள். ஒன்று பிரிகாபலின் அல்லது கபாபென்டின். கிளர்ந்த நரம்பை உண்மையிலேயே அடக்கும் மருந்து. மற்றது மெத்தில்கோபாலமின் உள்ளிட்ட பி வைட்டமின்கள். பெரும்பாலும் இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்துவிடுவார்கள்: 75 மில்லிகிராம் பிரிகாபலினோடு 750 அல்லது 1500 மைக்ரோகிராம் மெத்தில்கோபாலமின். வேலையைச் செய்வது முதல் பாதி. பி12 குறைபாடு இல்லாதவருக்கு இரண்டாம் பாதி அறுந்த நரம்பை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முட்டை, மீன், பால் எதுவும் சேர்க்காதவர் என்றால் இரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு எடுப்பது அர்த்தமுள்ளது.

முதல் பாதிக்கு மருத்துவர் சீட்டு அவசியம், அதற்குக் காரணங்கள் உண்டு. தூக்கமும் தலைசுற்றலும் வரும். அதனால்தான் குறைந்த அளவில், இரவில் தொடங்குவார்கள். போட்ட முதல் நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. டிரமடால் போன்ற வலி மருந்தோடு சேர்ந்தால் மூச்சைத் தாழ்த்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இதைத் தனி எச்சரிக்கையாகவே வெளியிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டும் இருந்தால் எத்தனை மணிக்கு எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறைய வேண்டும். 'இன்றைக்கு வலி இல்லை' என்று திடீரென நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. பி6, அதாவது பைரிடாக்சின், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். நரம்பு மாத்திரை ஒன்று, மல்டிவைட்டமின் ஒன்று, முடி கொட்டுகிறது என்று இன்னொன்று என மூன்றிலும் பி6 இருந்தால் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் உச்சவரம்பு நாளுக்கு 100 மில்லிகிராம்; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மில்லிகிராமாக வைத்தது. கூட்டுத்தொகை இந்த வரம்புகளைத் தாண்டினால் மரப்புக்கு மருந்தென்று விழுங்குவதே மரப்பைத் தரலாம்.

மற்றவை

சிலிக்கான் ஷீட் நல்ல பொருள், ஆனால் தழும்புக்கு. தடித்து எழும் தழும்பை அது தட்டையாக்கும், தழும்பின் அரிப்பைக் குறைக்கும். நரம்பு வலிக்கு அதனிடம் மருந்தில்லை. காயம் மூடியபின் முதல் நாட்களில் சில மணி நேரம் தொடங்கி, 12 மணி நேரத்துக்கும் மேலாக உயர்த்தி, இரண்டு மூன்று மாதம் ஒட்டினால்தான் பலன். தினமும் கழுவித் துடைக்காவிட்டால் வியர்வைக் கொப்புளம் வரும். நம் வெயிலில் பட்டைக்கடியில் ஷீட் நிற்காது, சுருண்டுவிடும். குழாயில் வரும் சிலிக்கான் ஜெல்லைக் காலை மாலை மெல்லப் பூசி உலரவிடுவது சுலபம்.

டென்ஸ் கருவியை வாங்காதீர்கள். உணர்வில்லாத தோலில் அந்தப் பட்டைகளை ஒட்டக் கூடாது, கீறல்மேல் ஒட்டக் கூடாது, மின்னோட்டம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயும்படி ஒட்டக் கூடாது. இந்த மூன்றையும் கழித்தால் மார்பில் ஒட்ட இடமே மிஞ்சாது.

சாய்ந்து படுக்கும் முக்கோணத் தலையணை வலிக்கு நேரடியாக ஒன்றும் செய்யாது. ஆனால் தூக்கத்தில் பக்கவாட்டில் புரண்டு நான்காம் நரம்பின்மேலேயே படுப்பதைத் தடுக்கும். இரண்டு பக்கமும் இரண்டு சாதாரணத் தலையணை அணைத்து வைத்தாலும் அதே வேலைதான். காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்காராதீர்கள்.

இவற்றுக்குக் கடையில் பொருள் இல்லை

'நரம்பு வலிதான்' என்று எண்ணிப் பேட்ச் ஒட்டிக் காலம் கடத்தக் கூடாத சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் உப்பி, இறுகி, நீலம் பாய்ந்தால் உள்ளே இரத்தம் கட்டுகிறது, அன்றே மருத்துவமனை. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, கீறலில் சீழ் என்றால் தொற்று. கெண்டைக்கால் வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இரத்தக்கட்டி என்று ஐயப்பட வேண்டும். அதற்கும் உடனே ஓட வேண்டும்.

இன்னொன்று பயமுறுத்தும், ஆனால் தானே போகும். சில வாரம் கழித்து மார்புக்குக் கீழே வயிற்றை நோக்கி விண்ணென்று கயிறு இழுத்ததுபோல ஒரு கோடு, கையைத் தூக்கினால் வலி. பலர் அதை நரம்பு என்றே நினைத்து நரம்பு மாத்திரை கேட்கிறார்கள். அது மேல்மட்டச் சிரையில் இரத்தம் உறைந்த மோன்டோர் நோய். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்தில் கரைந்துவிடும். மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொன்னால் போதும். மாதங்கள் போனபின் மார்பு கல்லாக இறுகி, வடிவம் மாறி, வலி கூடிக்கொண்டே வந்தால் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கினால் அந்த நீரை எடுத்துப் பரிசோதிப்பது கட்டாயம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டோடு தொடர்புள்ள அரிய வகை லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய், அப்படித்தான் தலைகாட்டும். அதன் பொருட்டே 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. இம்ப்ளான்ட்டின் பெயர், வகை, வரிசை எண் உள்ள அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

மூன்று மாதம் தாண்டியும் ஒரே புள்ளியைத் தட்டினால் ஷாக் பாய்கிறது, அந்தப் புள்ளி நகரவும் இல்லை என்றால் அதைக் குறித்துக்கொண்டு போங்கள். வளரும் நரம்பு என்றால் தட்டினால் கூசும் இடம் வாரத்துக்கு வாரம் காம்பை நோக்கி நகரும். கண்மை பென்சிலால் புள்ளி வைத்து, மாதம் ஒருமுறை படம் எடுத்து வைத்தால் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகராமல் அங்கேயே நின்றால் நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம், அல்லது அறுந்த நுனி முடிச்சாகத் திரண்டிருக்கலாம். வலி சிகிச்சை மருத்துவர் அந்தப் புள்ளியில் மரப்பூசி போட்டுப் பார்ப்பார். சில மணி நேரத்துக்கு வலி அடங்கினால் எந்த நரம்பு என்று உறுதியாகிவிடும். அடுத்து என்ன செய்வது என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். பையிலுள்ள அத்தனை பொருட்களையும் விட, அந்த நாளில் அவருக்குப் பயன்படப்போவது உங்கள் கைப்பேசியில் உள்ள அந்த மூன்று படங்கள்தான்.